உளூ நீரும் ஒரு ரோஜாச் செடியும்



சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கருங்குழி. ஒரு பக்கம் மதுராந்தகம் பெரிய ஏரி, சற்றுத் தள்ளி வேடந்தாங்கல், கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை. நீரும் பறவையும் வயலும் சூழ்ந்த இந்த மண்ணில் வாழும் நமக்கு, ஒரு பூச்செடியை வளர்ப்பது எளிதாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் நம் வீட்டு வாசல்களைச் சற்றே கவனித்தால் வேறொன்று தெரியும். மாடிப்படியின் ஓரத்திலும் கழிவுநீர்த் தொட்டியின் மூடிமீதும் காய்ந்த குச்சிகளோடு நிற்கும் தொட்டிகள் பல. அவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ரோஜாச் செடிகளாக இருந்தவை.

பெருநாளுக்கு முன்போ, புது வீடு குடிபுகும்போதோ, தெருவில் வரும் செடி வண்டியில் பேரம் பேசி ஆசையோடு வாங்குகிறோம். வாங்கிய அன்று நாலைந்து பூக்கள் விரிந்திருக்கும். இரண்டு மாதத்தில் இலை உதிரும்; கோடை வந்ததும் தண்டு கறுக்கும். "நம் கைக்கு ரோஜா ராசியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு இன்னொன்று வாங்குகிறோம். ராசி என்ற ஒன்றில் நம்பிக்கை வைப்பது முஸ்லிமுக்கு அழகில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். உயிருள்ள ஒன்றைப் பொறுப்பேற்றுக் கொண்டு, அதன் தேவை இன்னதென்று கேட்டறியாமலே சாகவிடுவது அமானிதத்துக்குப் பொருந்துமா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இதற்கு எதிரே இன்னொரு காட்சியையும் வைத்துப் பார்ப்போம். அதே வீட்டில் நாளொன்றுக்கு ஐந்து வேளை உளூ செய்யப்படுகிறது. குழாயைத் திறந்துவிட்டு, கை, வாய், மூக்கு, முகம், கால் என்று கழுவி முடிக்கும் வரை நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. அத்தனையும் நல்ல நீர். அது நேராகச் சாக்கடைக்குப் போகிறது. நீரில்லாமல் வாடும் செடியும், வீணாய் ஓடும் நீரும் ஒரே வீட்டில் பத்தடி இடைவெளியில் இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துவைப்பது நம் மார்க்கத்துக்கும் நம் ஊருக்கும் பொருத்தமான ஒரு காரியம் என்று நாம் கருதுகிறோம்.

பூச்செடி வீண் ஆடம்பரமா?

முதலில் ஒரு மறுப்பைப் பார்த்துவிடுவோம். "முருங்கை வைத்தால் கீரையும் காயும் கிடைக்கும், எலுமிச்சை வைத்தால் ஊறுகாய்க்கு ஆகும். ரோஜாவால் என்ன பயன்? அது வெறும் துன்யாவின் அலங்காரம்தானே?" என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஒரே ஒரு செடிக்குத்தான் இடமும் நீரும் இருக்கின்றன என்றால், முருங்கையோ கறிவேப்பிலையோ முந்தட்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் விலங்கும் உண்பதெல்லாம் அவருக்குத் தர்மமாகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்ததாக அனஸ் (ரலி) வாயிலாக வரும் செய்தி, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உண்ணத் தருவதற்கே அங்கு முதலிடம்.

ஆனால் நறுமணமும் அதே நபிவழியில் இடம்பெற்றிருக்கிறது. நறுமணச் செடியை ஒருவர் அன்பளிப்பாக நீட்டினால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, மணமோ இனியது என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தில், மனிதர்களுக்கு அருளப்பட்ட கொடைகளின் வரிசையில் தானியத்துக்குப் பக்கத்திலேயே நறுமணச் செடியும் சொல்லப்படுகிறது. வயிற்றுக்கு வேண்டியதையும் மனத்துக்கு வேண்டியதையும் படைத்தவன் சேர்த்தே எண்ணுகிறான்.

நம் சமூகத்தின் வரலாற்றிலும் ரோஜாவுக்குத் தனி இடம் உண்டு. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி நறுமணங்களை வடித்தெடுக்கும் முறைகளைப் பற்றி நூல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்தைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் தம் வேளாண் நூலில் நூற்றுக்கணக்கான பயிர்களோடு ரோஜாவையும் விரிவாக ஆராய்ந்தார். 1187இல் ஜெரூசலம் மீட்கப்பட்டபோது ஸலாஹுத்தீன் அய்யூபி அங்குள்ள புனித இடங்களைப் பன்னீரால் கழுவச் செய்தார். இன்றும் கஅபாவைக் கழுவும் நீரில் ஸம்ஸமோடு தாயிஃப் நகரத்து ரோஜாப் பன்னீர் கலக்கப்படுகிறது. நூர்ஜஹானின் தாயார் ரோஜா அத்தரைக் கண்டறிந்ததாக ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் பெருமையோடு பதிவு செய்திருக்கிறார். நம் வீட்டுத் திருமணங்களில் விருந்தினர்மீது தெளிக்கப்படும் பன்னீரும் இந்த நீண்ட மரபின் ஒரு துளிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நபி (ஸல்) அவர்களின் வியர்வைத் துளியிலிருந்தே ரோஜா உண்டானது என்று ஒரு செய்தி நம் மக்களிடையே வழங்குகிறது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதைப் புனையப்பட்டது என்று ஒதுக்கியுள்ளனர். ரோஜாவை நேசிக்க அந்தக் கதை நமக்குத் தேவையில்லை. அல்லாஹ்வின் படைப்பு என்ற ஒரு காரணமே போதும்.

ஒரு முத்து நீரின் கணக்கு

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூ செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அதன் துல்லியக் கணக்கில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் அது ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. நாம் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதை அறிய ஆய்வு எதுவும் வேண்டாம். இன்று அஸருக்கு உளூ செய்யும்போது குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். அதுவே கணக்கைச் சொல்லிவிடும்.

நால்வர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு இருபது உளூ. ஒவ்வொருவரும் சுன்னத்தைப் பேணி ஒரு லிட்டரில் முடித்தாலும் நாளொன்றுக்கு இருபது லிட்டர் நீர் சேரும். கோடையிலும் ஒரு தொட்டி ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். அதாவது, உளூ நீரை மட்டும் கொண்டு ஒரு சிறு தோட்டத்தையே காப்பாற்றலாம். அதற்காகப் புதிதாக ஒரு துளியும் இறைக்க வேண்டியதில்லை.

"உளூ செய்த நீர் அசுத்தம் இல்லையா?" என்று சிலர் தயங்குவர். நம் மத்ஹபு அறிஞர்கள் தந்துள்ள விளக்கப்படி, உளூவுக்குப் பயன்பட்ட நீரைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய முடியாதே தவிர, அந்த நீர் நஜீஸ் ஆவதில்லை. ஜாபிர் (ரலி) நோயுற்று நினைவிழந்திருந்தபோது நபி (ஸல்) அவர்கள் தாம் உளூ செய்த நீரை அவர்மீது ஊற்றினார்கள் என்ற செய்தி புகாரியிலேயே உள்ளது. அத்தகைய நீர் ஒரு செடியின் வேருக்குப் போவதில் என்ன தடை?

நீர் இருக்கும் ஊரில் இந்தக் கணக்கு எதற்கு என்று எண்ணிவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதும், அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவரப்பட்டதும் நம் கண்முன் நடந்தவை. நீர் நிறைந்திருக்கும் நாளில் பழகாத சிக்கனம் வறண்ட நாளில் திடீரென வந்துவிடாது. ஓடும் ஆற்றருகே இருந்தாலும் உளூவில் விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக அறிஞர்கள் குறித்திருந்தாலும், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது குர்ஆனின் தெளிவான கட்டளை.

செய்முறையும் எளிது. உளூ செய்யும் இடத்தில் அகன்ற ஒரு பாத்திரத்தை வைத்தாலே போதும். வீடு கட்டுவோர், உளூச் செய்யும் குழாயின் வடிகாலைத் தனியாகப் பிரித்துத் தோட்டத்துக்கு விட்டுவிடலாம். சோப்பு, பற்பசை கலந்த நீரை மட்டும் இதனோடு சேர்க்கக் கூடாது. சேர்த்த நீரை அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். தேங்கிய தெளிந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நம் வெயிலுக்கு ஏற்ற ரோஜா

செடிகள் சாவதற்கு நீர்க்குறை மட்டும் காரணமில்லை. முதல் தவறு வாங்கும்போதே நேர்கிறது. ஓசூர் போன்ற குளிர்ச்சியான மேட்டுநிலங்களில், பசுமைக் குடில்களில் வளரும் நீண்ட காம்பு ரோஜாவைப் பார்த்து மயங்கி, அதே வகையைச் செங்கல்பட்டு வெயிலில் வைக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் அது எப்படித் தாங்கும்? நம் சமவெளிக்கு உகந்தது பன்னீர் ரோஜா. பூ சிறிது, இதழ் மென்மை. ஒரே நாளில் உதிரவும் செய்யும். ஆனால் மணத்தில் அதற்கு ஈடில்லை. வெயிலையும் தாங்கிக் கிளைத்துப் பூக்கும். மாலைகட்டப் பயன்படும் ஆந்திரா சிவப்பு ரோஜாவும் நம் பக்கத்துக்கு ஒத்துவரும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் படும் இடம் வேண்டும். கோடையில் மட்டும் பிற்பகல் வெயிலுக்கு ஒரு மறைப்புக் கொடுக்கலாம். தொட்டி பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் துளையோடு இருக்கட்டும். செம்மண், நன்கு மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு அல்லது மணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். சாண எருவைத் தொடுவதில் நம்மில் சிலருக்குத் தயக்கம் உண்டு. எருவாக இடுவதற்குத் தடையில்லை. வேலை முடிந்ததும் கையையும் ஆடையையும் தூய்மை செய்துகொண்டு தொழுகைக்குச் செல்ல வேண்டும்; அவ்வளவே.

கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. அடித்தண்டில் ஒரு முடிச்சுப் போல ஒட்டிய இடம் தெரியும். அது மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். அதற்குக் கீழிருந்து கொழுகொழுவென்று எழும் தளிரைக் கண்டு மகிழ்ந்து விட்டுவைப்பவர் பலர். அது அடிச்செடியின் காட்டுக் கிளை. அதை வளரவிட்டால் மேலே உள்ள நல்ல ரோஜாவுக்குச் சேர வேண்டிய சத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். முளைத்தவுடன் அதை அடியோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

நீரைக் காலையில், வேரருகே ஊற்ற வேண்டும். ஃபஜ்ருத் தொழுகையின் உளூ நீர் இதற்கு மிகப் பொருத்தம். இரவில் இலை நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய் எளிதில் பற்றும். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து ஊற்றுவது நல்லது. நீர் மிகுந்து வேர் அழுகிச் சாகும் ரோஜாக்களும் உண்டு. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் உப்பு நீர் வரும் கிணறுகளைக் கொண்டோர் இலை ஓரம் கருகுவதைக் கண்டிருப்பர். அவர்கள் மழைநீரைச் சேர்த்து, அவ்வப்போது தொட்டி மண்ணில் நிறைய ஊற்றி உப்பை வடியவிட வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, பல வீடுகளில் வெறும் குழாயாக மட்டும் நிற்கிறது. அதற்கு உயிர் கொடுக்க இதுவும் ஒரு வழி.

ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில், மழை ஓய்ந்த ஒரு நாளில் கவாத்துச் செய்ய வேண்டும். காய்ந்த, நோயுற்ற, உள்நோக்கி வளர்ந்த கிளைகளை நீக்கி, மற்றவற்றைப் பாதியளவு குறைத்து, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். கத்தி கூராகவும் தூய்மையாகவும் இருக்கட்டும். வெட்டியபின் எருவிட்டால் ஆறேழு வாரங்களில் செடி பூத்துக் குலுங்கும். செடியை வெட்ட மனம் வராமல் தவிப்போர் இதை நினைவில் கொள்ளட்டும்: ரோஜா புதிய தளிரில்தான் பூக்கும்.

நஞ்சு வேண்டாம்

அடுத்தது பூச்சி. தளிரில் அசுவினியும், தண்டில் மாவுப்பூச்சியும், இலையடியில் செஞ்சிலந்தியும் வரத்தான் செய்யும். உடனே கடைக்கு ஓடி, வயலுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வந்து வாசலில் தெளிக்கும் பழக்கம் சில வீடுகளில் காணப்படுகிறது. அதே செடியின் இதழைக் குழந்தை கிள்ளி வாயில் போடும். உம்மா குல்கந்து போடுவார். தேனீ வந்து அமரும். நம் பொழுதுபோக்குக்காக இவர்களுக்குத் தீங்கு வரும் வழியைத் திறப்பது எவ்விதத்திலும் சரியில்லை. பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

வீட்டளவுக்கு எளிய வழிகளே போதும். அசுவினியை நீரைப் பீய்ச்சியே விரட்டிவிடலாம். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். மாவுப்பூச்சி இருக்குமிடத்தில் எறும்பும் ஊரும். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காத்து நிற்கும். எறும்பைத் தடுத்தால் பூச்சியும் குறையும். ஆகவே சர்க்கரை கலந்த தேயிலைச் சக்கையை அப்படியே தொட்டியில் கொட்டாமல், கழுவி இட வேண்டும். நோயுற்ற இலைகளைத் தொட்டியிலேயே விடாமல் பொறுக்கி அகற்ற வேண்டும். குல்கந்துக்குக் கடைப் பூவை வாங்குவதைவிட, நஞ்சு படாத வீட்டுப் பூவே பாதுகாப்பானது.

பூத்த பூ யாருக்கு?

செடி நம் பொறுப்பில் இருந்தாலும் பூ நமக்கு மட்டும் உரியதில்லை. பள்ளிக்குப் போகும் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு பூ கேட்டால், அவள் எந்தச் சமயத்தவள் என்று பார்க்காமல் பறித்துத் தர வேண்டும். உறவினரான அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார் இருசாராருக்கும் நன்மை செய்யும்படி குர்ஆன் பணிக்கிறது. கருங்குழி போன்ற சிற்றூர்களில் பல சமயத்தாரும் ஒரே தெருவில் வாழ்கிறோம். மதில்மேல் நீளும் ஒரு கிளை ரோஜா செய்யும் நல்லுறவை மேடைப் பேச்சுகள் செய்துவிடுவதில்லை.

வீட்டுக்குள்ளும் நாம் மறந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்த பெண்களுக்குப் பூ ஆகாது என்ற எண்ணம் நம் குடும்பங்கள் சிலவற்றிலும் புகுந்துவிட்டது. இத்தாவின் நான்கு மாதம் பத்து நாட்களில் அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர்க்க வேண்டும் என்பது மார்க்கம். அந்தக் காலம் முடிந்தபின் பூவை விலக்கச் சொல்லும் கட்டளை எதுவும் இல்லை. அது நாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம். பல வீடுகளில் நாள்தோறும் அந்தச் செடிக்கு நீர் ஊற்றுபவர் அப்படிப்பட்ட ஒரு பெரியம்மாவாகவோ பாட்டியாகவோ இருப்பார். பூக்கும் முதல் பூவை அவர் கையில் கொடுப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

இறுதியாக, நம் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை ஒரு நாளில் மட்டும் எத்தனை பேர் உளூ செய்கிறார்கள்! அந்த நீரைப் பள்ளிவாசல் வளாகத்து மரங்களுக்குத் திருப்பிவிட ஒரு குழாயும் ஒரு தொட்டியும் போதும். மதரஸாப் பிள்ளைகள் ஆளுக்கொரு செடியைப் பொறுப்பேற்கட்டும். உளூவின் ஃபர்ளுகளை மனப்பாடம் செய்யும் அதே வயதில், அந்த நீர் எங்கே போகிறது என்பதையும் அவர்கள் அறியட்டும். மறுமை நாள் நெருங்கிவிட்ட வேளையிலும் கையில் இருக்கும் கன்றை நட்டுவிடும்படி கற்பிக்கும் நபிமொழியைப் பாடமாக ஓதும் பிள்ளைகளுக்கு, நட்டுப் பார்க்க ஒரு பிடி மண்ணாவது மீந்திருக்க வேண்டும். முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிட்டு அதை எப்படிக் கற்பிப்பது?

ஆகவே அடுத்த செடியை வாங்கும் முன் மூன்றை உறுதி செய்துகொள்வோம்: வெயில் படும் ஓர் இடம், உளூ நீரைச் சேர்க்கும் ஒரு பாத்திரம், நாள்தோறும் ஐந்து நிமிடம் தரக்கூடிய ஒருவர். இம்மூன்றும் அமைந்தபின் ஒரே ஒரு பன்னீர் ரோஜாவோடு தொடங்குவோம். அடுத்த கோடையைத் தாண்டி அது தளிர்த்து நிற்குமானால், இரண்டாவது செடியைப் பற்றி அப்போது யோசிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.